கடை முதல் வேறு, குடும்பச் சேமிப்பு வேறு

அரசு ஊழியருக்கு ஓய்வூதியம் உண்டு. ஆலைத் தொழிலாளிக்குச் சேமநல நிதி உண்டு. கடை வைத்திருக்கும் நமக்கு என்ன உண்டு? கேட்டால், "எல்லாம் கடையில்தான் போட்டிருக்கிறது" என்போம். கடையில் இருப்பது முதல். சொந்தப் பெயரிலோ கூட்டாகவோ நடத்தும் கடை நொடித்தால், கடன் வீட்டு வாசல் வரை வரும். வெளிப்பாக்கி வராமலே பலர் விழுந்ததை மொத்த வியாபாரத்தில் நாம் பார்த்திருக்கிறோம்.

முன்பெல்லாம் வரியைக் குறைக்கவாவது மார்ச் மாதத்தில் ஏதாவது சேமித்தோம். புதிய வரி முறையில் 2025-26ஆம் நிதியாண்டில் வியாபார வருமானம் 12 லட்சம் ரூபாய் வரை வரி இல்லை. உதாரணமாக, ஒரு கோடி விற்றுமுதலில் பாதி ரொக்கம், பாதி வங்கி வழி வரவு என்று வைத்துக்கொள்வோம். உத்தேச லாபக் கணக்கில் ரொக்கத்துக்கு 8 சதவீதம், வங்கி வரவுக்கு 6 சதவீதம். ஆக வருமானம் 7 லட்சம், வரி இல்லை. (உண்மை லாபம் அதிகமானால் அதைத்தான் காட்ட வேண்டும். கமிஷன் தொழிலுக்கு இம்முறை பொருந்தாது.)

இம்முறையில் சேமிப்புக்கான வரிக்கழிவு கிடையாது. அதனால், "இனி பி.பி.எப். எதற்கு?" என்று பலர் கேட்கிறார்கள். இங்கேதான் கவனம் வேண்டும்.

வரிக்கழிவு போனாலும் பி.பி.எப். வட்டிக்கு இன்றும் வரி இல்லை. அதைவிட முக்கியம், அக்கணக்கில் உள்ள பணத்தை வியாபாரக் கடனுக்காக நீதிமன்றம் ஜப்தி செய்ய முடியாது. ஆண்டுக்குக் குறைந்தது 500 ரூபாய், அதிகபட்சம் ஒன்றரை லட்சம் கட்டலாம். காலம் 15 ஆண்டுகள். 2020 ஏப்ரல் முதல் 2025 முடிய வட்டி 7.1 சதவீதம். இதே வட்டி நீடித்தால், ஆண்டுதோறும் ஏப்ரல் 5ஆம் தேதிக்குள் ஒன்றரை லட்சம் கட்டுபவருக்கு, கட்டிய 22½ லட்சம் சுமார் 40 லட்சத்து 68 ஆயிரமாகும்.

ஆயுள் காப்பீடு எடுப்போர், 1874ஆம் ஆண்டின் திருமணமான பெண்கள் சொத்துரிமைச் சட்டப்படி மனைவி, மக்கள் பெயருக்கு எழுதிவைக்கலாம். பாலிசி எடுக்கும்போதே அதற்கான படிவம் தர வேண்டும். அந்தப் பணத்திலும் கடன்காரர் கைவைக்க இயலாது.

இவை கடன் கொடுத்தவரை ஏமாற்றுவதற்கான வழிகள் அல்ல. அந்த நோக்கத்தோடு செய்தால் சட்டமும் துணை நிற்காது. நாணயம் நம் தொழிலின் உயிர். நன்றாக நடக்கும் காலத்தில், உரிய லாபத்திலிருந்து ஒதுக்குவதே முறை.

பழைய வரி முறை லாபமா என்பதை ஆடிட்டரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். வியாபார வருமானம் உள்ளவர் பழைய முறைக்குப் போனால், புதியதற்கு ஒருமுறைதான் திரும்பலாம்.

கடை வாடகை, ஆள் சம்பளம் போல, குடும்பச் சேமிப்பையும் மாதச் செலவாகப் பேரேட்டில் எழுதுவோம். ஏப்ரலில் புதுக்கணக்குப் போடும்போதே அந்தப் பக்கத்தையும் தொடங்கிவிடுவோம்.