எலிக் கிட்டியும் கை வாடையும்

கிட்டியை வெறுங்கையால் தொட்டு வைத்தால் வாடை பிடித்து எலி அண்டாது என்று உழவர்களில் பலர் கருதுகின்றனர். வாடையை மறைக்கச் சாணமும் சாம்பலும் பூசிப் பார்ப்போரும் உண்டு.

எலிக்கு மோப்ப சக்தி அதிகம். நம் உடலிலிருந்து வாடை ஓயாமல் வெளிவருவதால் அதை முற்றிலும் மறைக்க இயலாது. மறைக்க வேண்டிய தேவையும் இல்லை. வரப்பிலும் களத்திலும் நம் வாடையோடு பழகி வாழும் பிராணி அது. எலி தயங்குவது பெரும்பாலும் புதுப்பொருளைக் கண்டுதான். ஆகவே பொறியில் விசை ஏற்றாமல் 2, 3 இரவுகள் பொரியோ கருவாடோ வைத்துப் பழக்கிய பின் விசையை ஏற்றவும். தஞ்சாவூர்க் கிட்டி எனில் ஏக்கருக்கு 40 வீதம், வளைகளின் அருகிலும் எலி ஓடும் தடத்திலும் வைக்கவும்.

ஆயினும் கையுறை அவசியமே. எலியின் சிறுநீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கக்கூடும். அது கையிலுள்ள வெட்டு, சிராய்ப்பு வழியே உடலில் புகும். காலத்தே சிகிச்சை பெறாவிடில் சிறுநீரகமும் கல்லீரலும் பழுதுபட்டு உயிருக்கே ஆபத்தாகலாம். காய்ச்சலோடு கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் கண்டால் உடனே மருத்துவரை அணுகி, எலி பிடித்ததையும் மறவாது கூறவும்.

கையுறை நமது பாதுகாப்பிற்கே. எலியை ஏமாற்றுவதற்கு அன்று.