பத்திரமாய் முடிக்கலாம் பத்திரப்பதிவு!

‘வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்’ என்றார்கள் பெரியவர்கள். ‘ஊரடங்கு நேரத்தில் மனை வாங்கிப் பார்’ என்று சேர்த்துச் சொல்ல அவர்களுக்கு அவசியம் வரவில்லை. நமக்கு வந்தது!

2020 மார்ச் 25-ம் தேதி நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கியபோது, ஓசூர்ப் பக்கம் அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் பத்திரப்பதிவுக்குக் காத்திருந்தவர்கள் பாடு திண்டாட்டமாகிவிட்டது. காரணம் ஓசூரின் இருப்பிடம். சிப்காட் தொழிற்சாலைகளை நம்பி வந்தவர்கள் ஒரு பக்கம், பெங்களூரில் வேலை பார்த்துக்கொண்டு இங்கே குடியிருப்பவர்கள் இன்னொரு பக்கம். மனை பாகலூரிலோ சூளகிரியிலோ இருக்கும். விற்பவர் பெங்களூரில் இருப்பார். வாங்குபவர் சேலத்தில் இருப்பார். நடுவில் ஜூஜூவாடியும் அத்திப்பள்ளியும் சோதனைச் சாவடிகளாக நிற்கும்!

இந்தப் பக்கம் மாவட்டம் விட்டு மாவட்டம் போகவே அந்த ஆண்டு ஆகஸ்ட் கடைசி வரை இ-பாஸ் வேண்டியிருந்தது. அந்தப் பக்கம், தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு மே 31 வரை அனுமதி இல்லை என்று மே 18-ம் தேதி கர்நாடகம் அறிவித்தது. ஒரே நிலம், இரண்டு மாநில விதிகள்!

‘உயிரை விடவா மனை பெரிசு? அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று சொல்வது சுலபம். ஆனால், பெண் கல்யாணத்துக்காக நிலத்தை விற்கிறவருக்கும், வாடகையும் வங்கித் தவணையும் ஒரே மாதத்தில் கட்டுகிறவருக்கும், கமிஷனை நம்பி அடுப்பெரிக்கும் புரோக்கருக்கும் ‘அப்புறம்’ என்பது பெரிய வார்த்தை. கொரோனாவுக்கான உலக அவசரநிலை 2023 மே மாதத்தோடு முடிந்துவிட்டது என்றாலும், இன்னொரு தொற்று வராது என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. அன்று கற்ற பாடத்தை மறக்காமல் வைத்துக்கொள்வது நல்லது.

பாடம் இதுதான்: ஒரு நிலத்தை வாங்கி முடிக்க நாம் பத்துப் பதினைந்து தடவை ஆட்களைச் சந்திக்கிறோம். உண்மையில் நேரில் போயே ஆக வேண்டியது இரண்டே தடவைதான். ஒன்று, இடத்தைப் பார்க்க. இன்னொன்று, பதிவு அலுவலகத்துக்கு. மற்றதையெல்லாம் வீட்டில் உட்கார்ந்தே முடிக்கலாம்.

ஆபத்து எங்கே இருக்கிறது?

ஆரம்பத்தில் நாம் எல்லோரும் கதவுக் கைப்பிடியையும் காகிதத்தையும் பார்த்துப் பயந்தோம். பத்திரத்தைக்கூட வெயிலில் காயவைத்தவர்கள் உண்டு! பிறகு நடந்த ஆராய்ச்சிகளில் தெரிந்தது வேறு. கொரோனா முக்கியமாகக் காற்று வழியாகத்தான் பரவுகிறது. பேசும்போதும் இருமும்போதும் வெளிவரும் நுண்ணிய துளிகள், காற்றோட்டம் இல்லாத அறையில் நெடுநேரம் மிதக்கும். பொருள்களைத் தொடுவதால் தொற்றும் வாய்ப்பு மிகக் குறைவு என்று 2021-ல் அமெரிக்காவின் நோய்த் தடுப்பு மையமும் சொல்லிவிட்டது.

இன்னொரு விஷயம். காய்ச்சல், இருமல் தெரிவதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவலாம். ஆகவே ‘பார்த்தா நல்லாத்தானே இருக்கார்’ என்ற சமாதானம் உதவாது.

இதை மனை விஷயத்தில் பொருத்திப் பாருங்கள். திறந்த வெளியில் நின்று எல்லைக்கல்லைப் பார்ப்பதில் ஆபத்து குறைவு. ஆனால், கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏ.சி. காரில் ஐந்து பேர் நெருக்கியடித்துக்கொண்டு அந்த இடத்துக்குப் போகிறோமே, அதில்தான் ஆபத்து!

வீட்டிலிருந்தே முடிக்கக் கூடியவை

வில்லங்கச் சான்றுக்குத் தமிழகப் பதிவுத்துறையின் இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம். பட்டா, சிட்டா, அ-பதிவேடு விவரங்களை வருவாய்த்துறையின் இணையதளத்தில் பார்க்கலாம். மனைப்பிரிவுக்கு டி.டி.சி.பி. அங்கீகாரம் உண்டா, ரெரா பதிவு எண் உண்டா என்பதையும் எண்ணைக் கேட்டு வாங்கிச் சரிபார்த்துக்கொள்ளலாம். தாய்ப்பத்திரத்தின் நகலை ஸ்கேன் செய்து வழக்கறிஞருக்கு அனுப்பிவிடுங்கள்.

இடத்தை முதலில் வீடியோ அழைப்பில் பாருங்கள். அழகான கோணத்தில் எடுத்து அனுப்பிய படம் போதாது. ‘சாலையிலிருந்து ஆரம்பிச்சு அப்படியே நடந்து காட்டுங்க’ என்று கேளுங்கள். எல்லைக்கற்கள், மின்கம்பம், வடிகால், பக்கத்து மனை எல்லாம் தெரிய வேண்டும். பிடிக்காத இடங்கள் இதிலேயே கழிந்துவிடும்.

அட்வான்ஸை வங்கி மூலமே அனுப்புங்கள். நிலம், வீடு விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கைமாறக் கூடாது என்பது 2015 ஜூன் முதல் வருமான வரிச் சட்டம். நோட்டு எண்ணுகிற நெருக்கமும் மிச்சம், கணக்கும் சுத்தம்!

இடம் பார்க்கப் போகும்போது

* இரண்டு பேர் போதும். பெரியவர்களும் குழந்தைகளும் வீட்டில் இருக்கட்டும்.

* சொந்த வண்டியில் போய் இடத்திலேயே சந்தியுங்கள். புரோக்கரோடு ஒரே காரில் போகத்தான் வேண்டுமென்றால் ஜன்னல்களைத் திறந்துவிட்டு, எல்லோரும் முகக்கவசம் அணியுங்கள். என்-95 வகை சிறந்தது.

* கட்டிய வீடாக இருந்தால், அரை மணி நேரம் முன்பே கதவு, ஜன்னல்களைத் திறந்துவைக்கச் சொல்லுங்கள். குடியிருப்பவர்களில் யாருக்காவது காய்ச்சல் இருக்கிறதா என்று கேட்பதில் தப்பில்லை.

* பேரத்தைப் போனில் வைத்துக்கொள்ளுங்கள். ‘உள்ளே வந்து ஒரு காபி சாப்பிட்டுப் போங்க’ என்றால், ‘கிரகப்பிரவேசத்துக்கு வந்து சாப்பிடறேன்’ என்று சிரித்துக்கொண்டே நழுவிவிடுங்கள்!

* மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்த வீட்டில் தொட்டியையும் சம்பையும் எட்டிப் பாருங்கள். தேங்கிய நல்ல தண்ணீரில்தான் டெங்கு கொசு வளரும். முட்டை கொசுவாக ஏழெட்டு நாள் போதும். குடிபோகும் முன் தொட்டியைக் கழுவி, குழாய்களைத் திறந்து பழைய தண்ணீரை ஓடவிடுங்கள்.

பதிவு அலுவலகத்தில்

2020 ஏப்ரல் 20 முதலே தமிழகத்தில் பதிவு அலுவலகங்கள் டோக்கன் முறையில் மறுபடி இயங்கத் தொடங்கின. டோக்கன் நேரத்துக்கு முன்னால் போய்க் கூட்டத்தில் நிற்காதீர்கள். வெளியே மரத்தடியில் காத்திருங்கள். விற்பவர், வாங்குபவர், இரண்டு சாட்சிகள் தவிர ‘சும்மா துணைக்கு’ யாரும் வேண்டாம். கைரேகை வைப்பதற்கு முன்னும் பின்னும் கையைச் சுத்தம் செய்யுங்கள். போட்டோவுக்காகக் கழற்றும் முகக்கவசத்தை உடனே மாட்டிக்கொள்ளுங்கள்.

அன்று காலையில் யாருக்காவது தொண்டை வலியோ காய்ச்சலோ வந்துவிட்டால்? தயங்காமல் தேதியை மாற்றுங்கள். ‘நல்ல நாள் போயிடுமே’ என்று மாத்திரை போட்டுக்கொண்டு வருவது, அங்கே இருக்கும் அத்தனை பேருக்கும் செய்யும் துரோகம். பத்திரத்தில் கையெழுத்திட்ட நாளிலிருந்து 4 மாதத்துக்குள் பதிவுக்குத் தாக்கல் செய்யப் பதிவுச் சட்டம் இடம் கொடுக்கிறது. தவிர்க்க முடியாத காரணம் இருந்தால் அபராதத்தோடு இன்னும் 4 மாதம் வரை கேட்கலாம். ஒரு வாரம் தள்ளிப்போவதால் குடி முழுகிவிடாது.

அப்பாவால் வர முடியாதே!

பல குடும்பங்களில் சொத்து எழுபது, எண்பது வயதுப் பெரியவர் பெயரில்தான் இருக்கும். சர்க்கரை, இதய நோய், ஆஸ்துமா என்று ஏதாவது ஒன்றும் கூடவே இருக்கும். தொற்று பரவும் நாளில் இவர்களைக் கூட்டத்துக்குள் கொண்டுபோய் நிறுத்தலாமா?

வேண்டியதில்லை. தகுந்த காரணம் காட்டினால் சார்பதிவாளரே வீட்டுக்கு வந்து பத்திரத்தைப் பதியலாம் என்று 1908-ம் ஆண்டின் பதிவுச் சட்டத்தில், 31-வது பிரிவில் வழி இருக்கிறது. உடல் நலமின்மையால் நேரில் வர இயலாதவர்களுக்கு 38-வது பிரிவும் விலக்கு தருகிறது. மருத்துவச் சான்றோடு விண்ணப்பித்து, அதற்கான கட்டணத்தைக் கட்ட வேண்டும். இந்த வசதி பலருக்குத் தெரிவதே இல்லை.

இதற்குப் பதிலாக, ‘எதுக்கு சார் அலைச்சல்? ஒரு பவர் எழுதிக் கொடுத்துடுங்க, நான் பார்த்துக்கறேன்’ என்று யாராவது சொன்னால் உஷார்! பொது அதிகாரப் பத்திரத்தை வைத்து நடக்கும் ‘விற்பனை’ சொத்துரிமையை மாற்றாது என்று உச்ச நீதிமன்றம் 2011 அக்டோபரில் தீர்ப்பளித்திருக்கிறது. எழுதிக் கொடுத்தவர் இறந்துவிட்டால் பொதுவாக அந்தப் பவரும் செல்லாது. தொற்றுக் காலத்தில் இது சின்ன விஷயம் இல்லை. பவர் தவிர்க்க முடியாததென்றால், முழு நம்பிக்கைக்குரிய சொந்தத்துக்கு மட்டும், வழக்கறிஞரைக் கேட்டுக் கொடுங்கள்.

மனசையும் பார்த்துக்கொள்ளுங்கள்

பணம் முடங்கிக் கிடக்கும்போது தூக்கம் போகும், ரத்த அழுத்தம் ஏறும், வீட்டில் சண்டை வரும். இதைத் தடுக்க முதலிலேயே ஒரு காரியம் செய்யலாம். கிரய உடன்படிக்கையில், ‘அரசு ஊரடங்கு நாட்கள் கெடுவில் சேராது’ என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். அந்த ஒரு வரி இல்லாமல் அட்வான்ஸ் தகராறு வளர்த்துக்கொள்வானேன்?

2020-ல் ரிசர்வ் வங்கி தவணைகளைத் தள்ளிப்போட ஆகஸ்ட் 31 வரை அனுமதித்தது. ஆனால் வட்டி நிற்கவில்லை. அவகாசம் வேறு, தள்ளுபடி வேறு. இப்படி ஒரு சலுகை மறுபடி வந்தால், கையெழுத்துப் போடுவதற்கு முன் வட்டிக் கணக்கைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கவலை தாங்க முடியாமல் போனால் 14416 என்ற டெலி-மனாஸ் எண்ணில் இலவசமாக ஆலோசனை கிடைக்கும்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. 2020 மே 1-ம் தேதி மத்திய அரசு வெளியிட்ட பட்டியலில், தமிழ்நாட்டிலேயே பச்சை மண்டலமாக இருந்த ஒரே மாவட்டம் கிருஷ்ணகிரி. அந்த மே மாதத்திலேயே அங்கும் தொற்று வந்துவிட்டது. ‘நம்ம ஊருக்கு வராது’ என்பதை மட்டும் யாரும் நம்ப வேண்டாம்.

மனை எங்கேயும் ஓடிப்போகாது. அதில் வீடு கட்டிக் குடியேற, குடும்பத்தில் எல்லோரும் நலமாக இருக்க வேண்டும். முதலில் அதைப் பாருங்கள்!