துப்பாக்கிக்கு இரண்டு கால்

கொடைக்கானல் மலையின் வில்பட்டியில் பூண்டு போட்டவர்களுக்கு இரண்டு விலங்குகளோடு ஓயாத தகராறு. காட்டுமாடு வந்தால் மிதித்துவிட்டுப் போகும். காட்டுப்பன்றி வந்தால் கிளறிவிட்டுப் போகும். தகரம் தட்டுகிறார்கள், வெடி போடுகிறார்கள், பழைய சேலையை வேலியில் கட்டிப் பார்க்கிறார்கள். டீக்கடைப் பேச்சில் எப்படியும் ஒருவர் துப்பாக்கியை இழுத்துவிடுவார். இப்போது கைப்பேசியில் அமெரிக்க வீடியோக்களும் சேர்ந்துகொண்டன: புல்வெளியில் குப்புறப் படுத்த ஆள், முன்னால் இரண்டு காலில் நிற்கும் ரைபிள், எங்கோ தூரத்தில் புழுதியோடு சாயும் சின்ன விலங்கு. அந்த இரண்டு காலுக்கு பைபாட் என்று பெயர். வில்பட்டிச் சரிவில் அது நிற்குமா? நிற்காது என்பது என் கட்சி. ஏன் என்று சொல்லி முடிப்பதற்குள், நல்ல பைபாட்டை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதும் விளங்கிவிடும்.

என்.சி.சி.யில் .22 ரைபிள் சுட்டவர்களுக்கு ஒன்று தெரியும்: உடம்பு சும்மா இருப்பதே இல்லை. படுத்திருக்கும்போது மூச்சை இழுத்தால் குழல் முனை இறங்கும், விட்டால் ஏறும். மூச்சை நிறுத்தினாலும் நாடித் துடிப்பு முனையை ஆட்டும். ஒரு சின்னக் கணக்குப் போடலாம். துப்பாக்கியைத் தோள் தாங்கும் இடத்துக்கும் முன்கை தாங்கும் இடத்துக்கும் நடுவே 60 செ.மீ. என்று வையுங்கள். முன்கை 1 மி.மீ. நகர்ந்தால் குறி 100 மீட்டரில் ஏறக்குறைய 17 செ.மீ. விலகும். 300 மீட்டரில் அரை மீட்டர். அமெரிக்க மேய்ச்சல் நிலங்களில் வளை தோண்டும் பிரெய்ரி டாக் என்பது நாயல்ல, தரையில் வாழும் அணில் வகை. எழுந்து நின்றால் ஒன்றரைச் சாண் உயரம், அகலம் நான்கு விரற்கடைக்குச் சற்று மேல். அதை 200, 300 மீட்டரில் சுடுகிறவனுக்கு அந்த ஒரு மில்லிமீட்டர்தான் எதிரி.

தரையில் ஊன்றிய இரண்டு கால்கள் முன்பக்கத்தைப் பிடித்துக்கொள்ள, பின்பக்கத்தைத் தோள் பிடிக்கிறது. மூன்று புள்ளிகள், முக்காலி எந்தத் தரையிலும் ஆடாமல் நிற்பதுபோல இதுவும் நிற்கிறது. இது புதிய யோசனையும் அல்ல. திபெத்திய வேட்டைக்காரர்கள் தங்கள் திரித் துப்பாக்கியின் முன்பாகத்தில் மான் கொம்பு முனை வைத்த இரண்டு கவைக்கால்களைக் கீல் போட்டு மாட்டியிருந்தார்கள். 1870-களில் அமெரிக்கக் காட்டெருமைகளைக் கூட்டங்கூட்டமாகக் கொன்றவர்கள் இரண்டு குச்சிகளைக் குறுக்காகக் கட்டி, அதன் கவட்டில் கனத்த ரைபிளைச் சாய்த்துச் சுட்டார்கள். பிறகு பட்டாளத்துப் பிரென் எந்திரத் துப்பாக்கிக்கும் இரண்டு கால் முளைத்தது.

கடையில் வாங்கப் போகிறவர் முதலில் பார்க்க வேண்டியது உயரம். ஹாரிஸ் என்ற அமெரிக்க நிறுவனத்தின் பைபாட்கள் இந்தத் துறையில் பழைய பெயர். அவற்றில் 6 முதல் 9 அங்குலம் வரை நீளும் குட்டைக் காலும் உண்டு, 9 முதல் 13 வரை நீள்வதும் உண்டு, உட்கார்ந்து சுட இன்னும் நெடியவையும் உண்டு. மேசை மேல் வைத்துச் சுடக் குட்டை போதும். புல் முளைத்த, மேடுபள்ளமான தரையில் படுத்துச் சுட நடுத்தரம் வேண்டும். கால் நீள நீள ஆட்டமும் கூடும். ஆகவே தேவைக்கு மேல் உயரம் வாங்குவது வீண்செலவு மட்டுமல்ல, குறியையும் கெடுக்கும்.

அடுத்தது சாய்வு. தரையின் ஒரு பக்கம் தாழ்ந்திருந்தால் துப்பாக்கி பக்கவாட்டில் சாய்ந்துவிடும். சாய்ந்தால் என்ன என்று தோன்றும். தோட்டா நேர்கோட்டில் போவதில்லை. போகப் போக விழுகிறது. அந்த வீழ்ச்சியை ஈடுகட்டத்தான் குழலைக் குறிக்கோட்டுக்குச் சற்று மேலே தூக்கி அமைத்திருக்கிறார்கள். துப்பாக்கி சாய்ந்தால் அந்தத் தூக்கலில் ஒரு பங்கு பக்கவாட்டுக்குப் போய்விடும். 1950-ல் வந்த .222 ரெமிங்டன் போன்ற வேகமான சிறு தோட்டாவுக்கே, 10 டிகிரி சாய்ந்தால் 300 மீட்டரில் பத்துப் பன்னிரண்டு செ.மீ. விலகும். பிரெய்ரி டாக்கின் உடல் அகலமே அவ்வளவு இல்லை. அதனால் சாய்வைத் திருத்திக்கொள்ளும் திருகு உள்ள பைபாட்தான் வாங்கத் தக்கது. ஒரு காலை மட்டும் நீட்டிச் சமாளிக்கலாம் என்பார்கள். விலங்கு நகர்ந்தால் மறுபடி நீட்ட வேண்டும், அதற்குள் அது வளைக்குள் போயிருக்கும்.

மாட்டும் இடம்தான் பலர் கவனிக்காதது. பைபாட் முன்கட்டையில் மாட்ட வேண்டும், குழலில் அல்ல. சுடும்போது குழல் அதிர்கிறது. அதைப் பிடித்து நிறுத்துகிற எதுவும் குறியை மாற்றும். முன்கட்டை மெல்லிய பிளாஸ்டிக்காக இருந்தால் பைபாட் அழுத்தத்தில் அதுவே வளைந்து குழலைத் தொடும். கட்டைக்கும் குழலுக்கும் நடுவே ஒரு தாளை நுழைத்து இழுத்துப் பாருங்கள். பைபாட்டில் எடையைக் கொடுத்த பிறகும் அது தடையில்லாமல் நகர வேண்டும். பாதம் ரப்பரா கூர்முனையா என்பதைத் தரை தீர்மானிக்கும். பாறையில் கூர்முனை வழுக்கி உதைத்துத் துள்ளும். மண்ணில் அது பிடிக்கும். எதுவானாலும் தோளால் லேசாக முன்னுக்குத் தள்ளி, கால்களில் விறைப்பு ஏற்றிக்கொண்டு சுட்டால் துள்ளல் குறையும்.

இனி வில்பட்டிக்கு வருவோம். இங்கே நிலம் அடுக்கடுக்காக மலைச்சரிவில் ஏறுகிறது. கீழ் அடுக்கில் நிற்கும் விலங்கை மேலிருந்து குறிவைத்தால், 6 அங்குலக் காலே அதிகம். குழல் தாழாது, பின்பக்கத்தைத்தான் தூக்க வேண்டியிருக்கும். மேல் அடுக்கைக் குறிவைத்தால் 13 அங்குலமும் போதாது. படுத்தால் முன்னால் இருக்கும் கல்கட்டும் செடியும் பார்வையை மறைக்கும். மழைக்குப் பிறகு கிளறிய மண்ணில் ஒரு கால் ஒரு விரற்கடை புதையும், மற்றது புதையாது. பைபாட் சமவெளிப் பகலுக்குச் செய்த கருவி. பன்றியோ ராத்திரியில், இருபது முப்பது மீட்டரில் வருகிறது. அதுவும் 3 கிராம் எடையுள்ள சிறு தோட்டா ஒரு தரை அணிலுக்குச் சரி. அறுபது எழுபது கிலோ பன்றியின் தோள்பட்டையில் அது சிதறிப் போய்க் காயத்தோடு விலங்கை ஓடவிடும். காயம்பட்ட பன்றியை அதன் பிறகு புதரில் தேடிப் போகிறவர் யார்?

இன்னொன்று, தோட்டாவுக்குப் பின்னால் மண் இருக்க வேண்டும். மேல்நோக்கி, வானத்தைப் பின்னணியாக வைத்துச் சுட்ட ரைபிள் தோட்டா கிலோமீட்டர் கணக்கில் பறந்து அடுத்த ஊர்த் தோட்டத்தில் இறங்கும். குறியைத் துல்லியமாக்கும் பைபாட் இதற்கு எந்தப் பாதுகாப்பும் தராது.

சட்டமும் இதே பக்கம்தான் நிற்கிறது. 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டம் பயிர்ப் பாதுகாப்புக்கென்று உரிமம் தருவது முக்கியமாக முன்வாயில் மருந்து திணிக்கும் பழைய துப்பாக்கிக்கு. தூரத்துக் குறிக்கான ரைபிளை அது இந்தக் கணக்கில் நினைக்கவே இல்லை. உரிமம் இருப்பதால் விலங்கைச் சுடலாம் என்றும் ஆகிவிடாது. 1972-ம் ஆண்டு வன உயிரினச் சட்டத்தில் காட்டுமாடு முதல் அட்டவணையில் இருக்கிறது. அதைத் தொட முடியாது. பன்றிக்கு 2025 ஜனவரியில் தமிழக அரசு ஒரு வழி திறந்தது: காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கி.மீ.க்குள் சுடக் கூடாது, 1 முதல் 3 கி.மீ. வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும், அதற்கும் அப்பால் வந்தால் வனத்துறையினர் சுடலாம். விவசாயி சுடுவதற்கு அதில் இடமில்லை. கொடைக்கானலைச் சுற்றிய காடுகள் 2013-ல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டவை; மலைக்கிராமங்கள் அவற்றை ஒட்டியே கிடக்கின்றன. மூன்று கிலோமீட்டர் கணக்கு சமவெளி விவசாயிக்கு உதவும் அளவுக்கு மலைக்காரருக்கு உதவாது. அவர்களுடைய மனக்குறையில் நியாயம் இருக்கிறது.

அப்படியானால் நம் ஊரில் பைபாட்டை யார் வாங்குகிறார்கள்? பெரும்பாலும் ஏர்கன் வைத்திருப்பவர்கள். 4.5 மி.மீ. குழலும் 20 ஜூலுக்கு மிகாத ஆற்றலும் உள்ள காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை. இணையத்தில் அதோடு சேர்த்தே பைபாட்டையும் விற்கிறார்கள். குழலில் கவ்வுகிற மலிவு ரகத்தைப் பார்த்தால் தாண்டிப் போய்விடுங்கள். குழலை மடக்கி ஸ்பிரிங்கை ஏற்றும் ரகம் உங்களிடம் இருந்தால் நல்ல பைபாட்டும் வேண்டாம். அதன் உள்ளே கனத்த பிஸ்டன் முன்னால் பாயும்போது துப்பாக்கி முதலில் பின்னுக்கும், பிஸ்டன் முட்டி நிற்கும்போது முன்னுக்கும் உதைக்கிறது. இது குண்டு குழலை விட்டு வெளியேறுவதற்குள்ளேயே தொடங்கிவிடுகிறது. கெட்டியான காலில் ஊன்றினால் ஒவ்வொரு முறையும் வேறு மாதிரித் துள்ளும். துப்பாக்கியை விரித்த உள்ளங்கையில் இறுக்காமல் வைத்து, அந்தக் கையை மண்மூட்டை மேல் சாய்த்துச் சுட்டுப் பாருங்கள். பிறகு பைபாட்டில் வைத்து. இரண்டு அட்டைகளிலும் ஐந்தைந்து குண்டு, 10 மீட்டரில், பின்னால் மண்சுவர். எந்த அட்டையில் ஓட்டைகள் நெருங்கி விழுகின்றன என்று பார்த்துவிட்டு அதற்குப் பிறகு காசை எடுங்கள்.