முதலில் கல்லா, பூச்சா?

வீடு கட்டுகிறவர்கள் கம்பி, சிமென்ட் விலையை நாள் தவறாமல் விசாரிக்கிறார்கள். தரைக்கு டைல்ஸ் தேர்ந்தெடுக்கக் கடை கடையாக ஏறி இறங்குகிறார்கள். ஜன்னலுக்கு அடியில் உள்பக்கம் பதிக்கிற சில் கல்லை எந்தக் கட்டத்தில் பதிப்பது என்று மட்டும் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. அதற்கான விலையைப் புதுவீட்டில் குடியேறிய பிறகு கொடுக்கிறார்கள். கல்லுக்கும் சுவருக்கும் நடுவே மயிரிழை போல விரிசல் ஓடும். வெள்ளை சிமென்ட் வைத்து அடைத்த இடம் மஞ்சளாகும். ஐப்பசி, கார்த்திகையில் காற்றோடு சாய்ந்து அடிக்கும் மழைக்கு ஜன்னலுக்குக் கீழே பெயின்ட் உப்பி உதிரும். இவற்றில் பலவும் வேலை வரிசை தவறியதால் வருபவை.

வரிசை தவறுவதற்குக் காரணம் நம் ஊரில் வேலை பிரிந்திருக்கும் விதம். சுவர் பூசுவது கொத்தனார் குழு. சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசி, முடித்த கையோடு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்கள். கிரானைட், டைல்ஸ் பதிப்பவர்கள் வேறு ஆட்கள். சில வாரங்கள் கழித்தே வருவார்கள். சில் கல் இந்த இரண்டு குழுவுக்கும் நடுவே விழுந்துவிடுகிறது. "அதெல்லாம் டைல்ஸ்காரர் பார்த்துக்குவார்" என்று மேஸ்திரி சொல்ல, வீட்டுக்காரர் தலையாட்ட, பூசி முடித்த சுவரை மறுபடி உடைக்கிற வேலை அங்கேயே உறுதியாகிவிடுகிறது.

உடைத்தால் என்ன ஆகும்?

பூசி முடித்த சுவரில் கல் பதிக்க, ஜன்னலின் அடிப்பகுதியையும் இரு ஓரங்களையும் கொத்த வேண்டும். உளி விழும் இடம் மட்டும் பெயர்வதில்லை. அதிர்வில் சுற்றியுள்ள பூச்சும் செங்கல்லை விட்டு விலகும். விரலால் தட்டிப் பார்த்தால் 'டொக் டொக்' என்று வெற்றொலி கேட்கும். கல்லை வைத்துவிட்டு ஓரத்தில் புதுக் கலவை அப்பினால், அது காயும்போது சுருங்கும். பழைய பூச்சு ஏற்கெனவே சுருங்கி முடித்தது. இரண்டும் சந்திக்கும் கோட்டில் விரிசல் விடுவது இயல்பு. பட்டி பார்த்து, பெயின்ட் அடித்து மறைத்தாலும் அந்தக் கோடு வெளியே தெரிந்துவிடும்.

கல்லை முதலில் பதித்தால் பூச்சு கல்லின் மேல் வந்து அமர்கிறது. ஓரங்களில் கல்லின் முனை பூச்சுக்குள் 12 மில்லிமீட்டர் புதைந்திருக்கும். இணைப்பு சுத்தமாக இருக்கும், தண்ணீர் நுழைய நேர்வழி கிடைக்காது. கிரானைட், கடப்பா, மார்பிள் என எந்தக் கல்லானாலும் உள்சுவர்ப் பூச்சுக்கு முன்னால் பதிப்பதே சரி.

கனம் தெரியாமல் கல் வைக்கக் கூடாது

பூச்சுக்கு முன்னால் என்றதும் செங்கல் கட்டு முடிந்த மறுநாளே கல்லை வைத்துவிடவும் கூடாது. பூச்சு எவ்வளவு கனம் வரும் என்று தெரியாமல் வைத்த கல், பூசிய பிறகு சுவருக்குள் அமுங்கிவிடும். அல்லது ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் நீட்டி நிற்கும்.

உள்பூச்சு வழக்கமாக 12 மில்லிமீட்டர். சுவரின் மேடுபள்ளமான பக்கத்தில் 15 வரை போகும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சுவர் 9 அங்குலம், பிரேம் 4 அங்குலம், அது வெளிப்பக்கத்தை ஒட்டி நிற்கிறது. உள்ளே மிஞ்சுவது 5 அங்குலம், அதாவது 127 மில்லிமீட்டர். இதோடு பூச்சுக்கு 12, பட்டிக்கு 2, கல் வெளியே நீட்டி நிற்க 18 சேர்த்தால் 159. ஆறே கால் அங்குல அகலக் கல் தேவை. ஐந்து அங்குல இடம்தானே என்று ஐந்து அங்குலக் கல் வாங்கியவருக்கு, கல்லின் முன்முனை பூச்சுக்குள் மறைந்துவிடும்.

நீளத்துக்கும் இதே கவனம் வேண்டும். நாலடி ஜன்னலுக்கு இருபுறமும் 2 அங்குலம் கூட்டி, 52 அங்குலக் கல் எடுக்கலாம். மூலைகளில் எல் வடிவில் வெட்டினால், இரு முனைகளும் சுவரின் முகப்பில் காது போல நிற்கும். மேலும் கீழும் பூச்சு வந்து அதில் முடியும். முன் ஓரத்துக்கும் காதுகளின் பக்கங்களுக்கும் கடையிலேயே பாலிஷ் போட்டு வாங்கிவிட வேண்டும். பதித்த பிறகு அங்கே மெஷினை நுழைப்பது கடினம்.

சரியான வரிசை

செங்கல் கட்டு முடியும் தறுவாயிலேயே சில் கல்லுக்கு ஆர்டர் கொடுத்துவிடுங்கள். சுவரை வெட்டி மின்குழாய் புதைக்கும் வேலை முதலில் முடியட்டும். அடுத்து மேல்தளத்தின் அடிப்பூச்சு. கலவை கொட்டுவது அதில்தான் அதிகம் என்பதால், கல் வருவதற்கு முன்பே அது முடிந்துவிட வேண்டும். பிறகு சுவரில் ஆங்காங்கே சிறு திட்டாகக் கலவை வைத்து, தூக்குக்குண்டு பிடித்து, பூச்சின் கனத்தைக் குறிக்கச் சொல்லுங்கள். நல்ல கொத்தனார் எப்படியும் இதைச் செய்வார். அந்தத் திட்டுகளுக்கு இடையே நூல் கட்டினால் பூச்சின் முகம் எங்கே வரும் என்று தெரிந்துவிடும். அந்த நூலிலிருந்து 20 மில்லிமீட்டர் முன்னால் கல் நிற்க வேண்டும். பட்டி ஏறியதும் 18 மிஞ்சும்.

கல்லை வைக்கும் இடத்தை நனைத்து, கல்லின் அடியில் சிமென்ட் பால் தடவி, கலவையை முழுப்பரப்பிலும் நிரப்பி அமர்த்த வேண்டும். நாலு மூலையில் நாலு உருண்டை வைத்து அமர்த்தினால் அடியில் பொந்து விழும். பிரேமுக்குக் கீழே கசியும் மழைநீர் அங்கே தேங்கும். உள்சில் கல் வெளிச்சில்லைவிடச் சற்று உயரமாகவும், வெளிச்சில் வெளியே சரிந்தும் இருப்பது அவசியம். வெளிச்சில்லின் அடிமுனையில் நீர் சொட்டிப்போக ஒரு காடி வெட்டியிருந்தால் சுவர் நனையாது. கல் பதித்து இரண்டு நாள் விட்டுச் சுவர்ப் பூச்சைத் தொடங்கலாம்.

இடைப்பட்ட காலத்தில் கல்லைக் காப்பது வீட்டுக்காரர் பொறுப்பு. பிளாஸ்டிக் தாள் விரித்து, மேலே பிளைவுட் துண்டோ தடித்த அட்டையோ வைத்து டேப் ஒட்டிவிடுங்கள். சிந்திய கலவையை அன்றன்றே ஈரப் பஞ்சால் துடைத்தால் கறை நிற்காது. காய்ந்த பிறகு ஆசிட் ஊற்றித் தேய்க்க விடாதீர்கள். மார்பிள் மீது ஆசிட் பட்டால் கல்லே அரித்துப்போகும், பாலிஷ் போய்விடும்.

விதிவிலக்குகள்

மரப்பலகையில் சில் போடுகிறவர்களுக்கு வரிசை தலைகீழ். பூச்சுக்குக் குறைந்தது ஏழு நாள் தண்ணீர் ஊற்றுகிறோம். அந்த ஈரத்தில் மரம் ஊதி, காயும்போது வளையும். பூச்சு நன்றாகக் காய்ந்து, பிரைமரும் அடித்த பிறகே பலகை வரலாம். அதற்கான இடத்தைப் பூசும்போதே அளவாக விட்டுவைக்க வேண்டும்.

குளியலறையிலும், சமையலறை மேடைக்கு மேலே டைல்ஸ் ஏறும் ஜன்னலிலும் கல் டைல்ஸோடு சேர்ந்தே போகட்டும். அங்கே சுவரின் கடைசி முகம் டைல்ஸ்தான்.

யுபிவிசி ஜன்னல் என்றால் இன்னொரு எச்சரிக்கை. 20 மில்லிமீட்டர் கல்லும் அதற்கடியில் 20 மில்லிமீட்டர் கலவையும் சேர்ந்து திறப்பின் உயரத்தில் 40 மில்லிமீட்டரை எடுத்துக்கொள்ளும். வெறும் செங்கல் திறப்பை அளந்து செய்த ஜன்னல் அதற்குள் போகாது. கல் பதித்து, ஓரங்களைப் பூசி முடித்த பிறகே அளவெடுக்க ஆளைக் கூப்பிடுங்கள்.

ஏற்கெனவே பூசிவிட்டவர்கள் உளியை எடுக்க வேண்டாம். கட்டர் மெஷினால் நேர்கோடு கீறி, அந்த அளவுக்கு மட்டும் பூச்சை எடுத்தால் அதிர்வு குறையும். கல் பதித்ததும் இணைப்பில் நெகிழும் தன்மையுள்ள சீலன்ட் வைத்தால் விரிசலைத் தள்ளிப்போடலாம்.

இனிமேல் பூசப்போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மேஸ்திரியிடம் ஒப்பந்தம் எழுதும்போதே "உள்சில் கல் பதிப்பது சுவர்ப் பூச்சுக்கு முன், கொத்தனார் பொறுப்பில்" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். அதற்கான கூலியையும் அப்போதே பேசி முடியுங்கள். உள்சுவருக்கு முதல் சட்டிக் கலவை குழைப்பதற்கு முன், கடைசி ஜன்னலின் கல்லும் பதிந்திருக்க வேண்டும்.