வடிகட்டியிலும் செந்நீர் வருகிறதா? மணலைக் கொட்டுமுன் வாளியைப் பாருங்கள்

தாம்பரத்தை அடுத்த பீர்க்கன்கரணை 2021ஆம் ஆண்டில் தாம்பரம் மாநகராட்சியுடன் சேர்ந்துவிட்டது. ஆயினும் வீட்டுக் கிணற்றையும் ஆழ்துளைக் கிணற்றையும் நம்பியிருக்கும் குடும்பங்கள் அங்கு இன்னும் உண்டு. இறைக்கும்போது பளிங்குபோல் இருக்கும் நீர், குடத்தில் வைத்த சிறிது நேரத்தில் மஞ்சளாகிறது. சோறு நிறம் மாறுகிறது. வெள்ளைத் துணியில் கறை ஏறுகிறது. இதற்காக மணல் வடிகட்டி அமைத்தும் பயனில்லை என்று அலுத்து, ஆண்டுதோறும் மணலைக் கொட்டிப் புது மணல் நிரப்புவோர் பலர். பெரும்பாலும் குறை மணலில் இருப்பதில்லை.

இரும்பு எங்கிருந்து வருகிறது?

பல்லாவரம், தாம்பரம் வட்டாரத்தில் நிலத்தடியில் இருப்பது சார்னோகைட் என்னும் கரும்பாறை. இதில் இரும்புச் சத்துள்ள கனிமங்கள் உண்டு. காற்றோட்டமில்லாத ஆழத்தில் பாறை இடுக்குகளில் தங்கும் நீரில் இரும்பு கரைகிறது. இலைதழை மக்கிய ஏரி வண்டலை ஒட்டிய கிணறுகளிலும் இவ்வாறே நேரும். கரைந்த இரும்புக்கு நிறம் இல்லை. காற்றுப் பட்டதும் அது துருவாக மாறிப் படிகிறது. லிட்டருக்கு 0.3 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு இருந்தால் கறை தெரியத் தொடங்கும்.

வடிகட்டி எப்படி வேலை செய்கிறது?

காற்று, நேரம், மணல் ஆகிய மூன்றும் சேர்ந்ததே இரும்பு வடிகட்டி. காற்று இரும்பைத் துருவாக்குகிறது. அதற்குச் சிறிது நேரம் தேவை. மணல் அந்தத் துருவைப் பிடிக்கிறது. கரைந்த நிலையிலுள்ள இரும்பைச் சாதாரண மணல் பிடிக்காது. சர்க்கரைத் தண்ணீரைத் துணியில் வடிகட்டினால் இனிப்பு போகாததைப் போன்றதே இது.

வாளிச் சோதனை

பம்ப் செட்டைப் பத்து நிமிடம் ஓடவிட வேண்டும். தொடக்கத்தில் செந்நீர் வந்து பிறகு தெளிந்து, அந்த நீர் வாளியில் வைத்தாலும் தெளிவாகவே இருந்தால், குறை பழைய இரும்புக் குழாயில் உள்ளது. குழாயை மாற்றினால் போதும்.

அப்படியில்லையெனில், வடிகட்டியின் வாயிலிலேயே ஒரு வெள்ளை வாளியில் நீர் பிடித்து, உடனேயும் அரை நாள் கழித்தும் பார்க்க வேண்டும்.

1. பிடிக்கும்போது தெளிவு, பிறகு மஞ்சள்: இரும்பு கரைந்த நிலையிலேயே மணலைக் கடந்துவிட்டது. காற்றும் நேரமும் போதவில்லை. நீரைக் குழாய் வழியே நேராக மணலில் விடாமல், பூவாளி வழியாகத் தூவி, செங்கல் ஜல்லி பரப்பிய துளைத் தட்டுகள் இரண்டு மூன்றின் மீது சொட்டவிட வேண்டும். பின்பு ஒரு தொட்டியில் சில மணி நேரம் தங்கவிட்டு மணலுக்கு அனுப்ப வேண்டும்.

இதன் பின்னரும் மாற்றமில்லையெனில் நீரின் அமிலத்தன்மையைப் பார்க்க வேண்டும். கார அமில நிலை 6.5க்குக் கீழே இருந்தால் இரும்பு துருவாக மாறுவது மிகவும் தாமதமாகும். தட்டில் ஜல்லியுடன் கழுவிய கிளிஞ்சல் கலந்து பரப்பினால் அமிலம் தணியும். அஸ்ஸாமில் வாழைச் சாம்பலைக் கொண்டு இரும்பை நீக்கும் பழக்கம் இருப்பதும் இதே காரணத்தால்தான். சாம்பல் நீரைக் காரமாக்குகிறது.

2. பிடிக்கும்போதே மஞ்சள்: துரு மணலில் நிற்கவில்லை. மணல் பருமனாகவோ, ஆழம் குறைவாகவோ, நீரோட்டம் வேகமாகவோ இருக்கலாம். இரண்டடி ஆழத்துக்குச் சலித்த நடுத்தர மணல் இட்டு, வால்வைக் குறைத்து மெல்ல ஓடவிட வேண்டும். பீப்பாய்ச் சுவரை ஒட்டி நீர் வழி பிடித்து இறங்குகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

3. நீர் வரத்துக் குறைவு: மேல் மணலில் துரு அடைத்துள்ளது. மேலே ஓர் அங்குல மணலைச் சுரண்டிக் கழுவி மீண்டும் இடலாம். அடியிலிருந்து மேலாக நீர் செலுத்திக் கழுவும் வசதி இருந்தால், கலங்கல் தெளியும் வரை கழுவ வேண்டும்.

4. வழவழப்பும் நாற்றமும்: இது இரும்பு பாக்டீரியாவின் வேலையாகலாம். கிணற்றிலுள்ள ஒவ்வொரு 1,000 லிட்டர் நீருக்கும் 200 கிராம் பிளீச்சிங் பவுடரைத் தனி வாளியில் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் கிணற்றில் ஊற்றி, ஓர் இரவு விட வேண்டும். மறுநாள் வாடை நீங்கும் வரை இறைத்துக் கொட்ட வேண்டும். இந்நீரைக் குடிக்கவோ, செடிகளுக்கு விடவோ கூடாது. பிளீச்சிங் பவுடருடன் எந்த அமிலத்தையும் சேர்க்கக் கூடாது. நச்சு வாயு கிளம்பும்.

பழுப்பு மணல் கெட்ட மணல் அன்று

மணல் துகள்மீது ஏறும் பழுப்புப் பூச்சு, புதிதாக வரும் இரும்பையும் ஈர்த்துப் பிடிக்க உதவுகிறது. ஆகவே நிறம் மாறியது என்று மணலைக் கொட்டுவது கைமுதலைக் கொட்டுவதாகும். கழுவிப் பயன்படுத்தினாலே போதும். புது மணல் இட்டால் சில வாரங்கள் பொறுத்துப் பார்க்க வேண்டும்.

சொட்டுநீர்ப் பாசனத்துக்கும் இது பொருந்தும்

லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் இரும்பிலேயே சொட்டுவான்கள் அடைபடத் தொடங்கலாம், 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் அடைப்பு கடுமையாகும். கிணற்று நீரை நேராகக் குழாய்க்கு விடாமல், தொட்டியில் தூவி, ஓர் இரவு தெளியவிட்டு, மணல் வடிகட்டி வழியே செலுத்துவது நலம்.

ஒன்றை மறக்கலாகாது. இரும்பு நீங்கித் தெளிந்த நீர் குடிக்கத் தக்க நீர் என்று பொருளன்று. கழிவுநீர்த் தொட்டிகள் நெருங்கிய புறநகரில் கிருமியும் நைட்ரேட்டும் கிணற்றில் கலக்கக்கூடும். மணலும் கிளிஞ்சலும் இவற்றை நீக்கா. காய்ச்சினால் கிருமி சாகும், நைட்ரேட் போகாது. ஆகவே தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் நீரைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். இரும்பு அளவுக்குத் தனிக் குப்பி தேவையா என்று முன்னதாகவே கேட்டு, கிணற்று நீரையும் வடிகட்டிய நீரையும் தனித்தனியே கொடுத்தால், வடிகட்டி எவ்வளவு வேலை செய்கிறது என்பதும் தெரிந்துவிடும்.