'தண்ணி காட்டிட்டு இருந்தேன்'... இவ்வளவுதாங்க பாஸ்ட் கன்டினியுயஸ்!

"நேத்து சாயங்காலம் போன் பண்ணுனனே, ஏனுங்கத்தை எடுக்கல?"

"மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு இருந்தேன் அம்மிணி. அப்பத்தான் போன் அடிச்சுது. ஓடியாறதுக்குள்ள நின்னு போச்சு."

அன்னூர் பக்கம் எந்தக் கிராமத்துக்குப் போனாலும் இப்படி ஒரு பேச்சு காதில் விழும். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைப் பயமுறுத்துகிற இரண்டு இங்கிலீஷ் பாடங்கள் இதற்குள்ளேயே இருக்கின்றன. போன் அடித்தது, நின்று போனது இரண்டும் பாஸ்ட் சிம்பிள். தண்ணி காட்டிக்கொண்டிருந்தது பாஸ்ட் கன்டினியுயஸ். இங்கிலீஷில் சொன்னால், 'ஐ வாஸ் கிவிங் வாட்டர் டு த கவ் வென் த போன் ராங்.'

அத்தை 'தண்ணி காட்டினேன்' என்று மட்டும் சொல்லியிருந்தால் கேட்டவளுக்குப் பதில் கிடைத்திருக்காது. 'அதுக்கென்ன, போனை ஏன் எடுக்கல?' என்று மறுபடியும் கேட்டிருப்பாள். 'காட்டிட்டு இருந்தேன்' என்றதும் எல்லாம் புரிந்துவிடுகிறது. இந்த வித்தியாசத்தை நமக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பேசப் பழகிய நாளிலிருந்தே நாக்கில் இருக்கிறது.

முடிந்ததா, நடுவிலா?

பிறகு எங்கே தடுமாறுகிறோம்? 'வாஸ், வேர் போட்டு, வினைச்சொல்லோடு ஐஎன்ஜி சேர்' என்று சூத்திரமாக மனப்பாடம் செய்கிற இடத்தில்தான். எப்போது சேர்ப்பது என்பது மனதில் பதிவதில்லை. 'வாஸ்' சேர்த்தால் இங்கிலீஷ் கொஞ்சம் கௌரவமாக இருக்கும் என்று நினைத்து எல்லா இடத்திலும் சேர்த்துவிடுகிறார்கள்.

அதற்கு விலை கொடுக்க வேண்டி வரலாம். தமிழ் வழியில் படித்த ஒரு பெண் கோவையில் வேலைக்கான இன்டர்வியூவில் உட்கார்ந்திருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். 'ஐ வாஸ் கம்ப்ளீட்டிங் மை டிகிரி இன் 2022' என்கிறாள். அவள் சொல்ல நினைத்தது, படிப்பை முடித்தேன் என்று. எதிரே இருப்பவர் காதில் விழுவது, 'முடித்துக்கொண்டிருந்தேன்' என்று. 'அப்போ அரியர் இருக்கா?' என்ற சந்தேகம் வந்துவிடும். 'ஐ கம்ப்ளீட்டட் மை டிகிரி இன் 2022' என்றால் சந்தேகத்துக்கு இடமே இல்லை.

விபத்து பற்றிச் சொல்லும்போதும் இப்படித்தான். 'ஐ கிராஸ்ட் த ரோடு' என்றால் ரோட்டைக் கடந்து அந்தப் பக்கம் போய்விட்டார். 'ஐ வாஸ் கிராஸிங் த ரோடு' என்றால் நடு ரோட்டில் இருந்தார். எழுதிக் கொடுக்கும் வாக்குமூலத்தில் இது சின்ன வித்தியாசம் இல்லை.

குளத்துக்கு வந்த தண்ணீர்

அன்னூர்க்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த அத்திக்கடவு – அவிநாசித் திட்டத்தையே எடுத்துக்கொள்ளலாம். 60 ஆண்டுகளுக்கும் மேலான கோரிக்கை. கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் 1,045 குளம், குட்டைகளுக்குத் தண்ணீர் தருகிற திட்டம். அதன் ஆறு நீரேற்று நிலையங்களில் ஒன்று அன்னூரில் இருக்கிறது.

2019-ல் அடிக்கல் நாட்டினார்கள். 'தே லெய்ட் த ஃபவுண்டேஷன் ஸ்டோன் இன் 2019.' ஒரு நாளில் முடிந்துபோன செயல், அதனால் பாஸ்ட் சிம்பிள். 2021-ல் வேலை நடந்துகொண்டிருந்தது. 'த ஒர்க் வாஸ் கோயிங் ஆன் இன் 2021.' இது பாஸ்ட் கன்டினியுயஸ். 2024 ஆகஸ்ட் 17-ல் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. மறுபடியும் சிம்பிள். காத்திருந்தவர்களுக்கு 'நடந்துட்டு இருக்குது' என்பதற்கும் 'முடிஞ்சுது' என்பதற்கும் எவ்வளவு தூரம் என்று யாரும் இலக்கணம் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை!

தமிழ் காலை வாரும் இடங்கள்

எல்லா இடத்திலும் தமிழை அப்படியே பெயர்த்து வைக்க முடியாது. மூன்று இடங்களில் கவனம் தேவை.

முதலாவது, பழக்கம். 'சின்ன வயசுல அந்தக் கடையிலதான் மளிகை வாங்கிட்டு இருந்தோம்' என்கிறோம். இதை 'வி வேர் பையிங்' என்று மாற்றிவிடுகிறோம். வழக்கமாகச் செய்ததற்கு இங்கிலீஷில் 'வி பாட்' அல்லது 'வி யூஸ்ட் டு பை' என்றுதான் சொல்ல வேண்டும்.

இரண்டாவது, உடைமையும் நிலையும். 'அப்போ ஒரு டிவிஎஸ் 50 வெச்சிட்டு இருந்தோம்' என்பது 'வி வேர் ஹேவிங்' ஆகிவிடுகிறது. 'வி ஹேட்' என்பதே சரி. நோ, லைக், நீட் போன்ற சொற்களும் இப்படித்தான். 'ஐ வாஸ் நோயிங் ஹிம்' கிடையாது, 'ஐ நியூ ஹிம்.'

மூன்றாவது, இல்லை என்று சொல்வது. 'ஹி டிட் நாட் கேம்' என்ற தவறு ரொம்ப சகஜம். இதற்குத் தமிழே மருந்து. 'அவன் வந்தவில்லை' என்று யாராவது சொல்வார்களா? 'வரவில்லை' என்கிறோம். 'வந்தான்' என்பதில் இருந்த இறந்தகாலம் அங்கே மறைந்துவிடுகிறது. 'டிட்' வந்துவிட்டால் இங்கிலீஷிலும் 'கேம்' போய் 'கம்' ஆகிவிடும். 'ஹி டிட் நாட் கம்.'

நம்மிடமும் உண்டு

'வாக் – வாக்ட் சரி, கோ எதற்கு வென்ட் ஆகிறது?' என்று பிள்ளைகள் அலுத்துக்கொள்வார்கள். தமிழ் கற்கிற வெளிநாட்டுக்காரரும் இதே கேள்வியைக் கேட்பார். வா என்பது வந்தான், காண் என்பது கண்டான், செல் என்பது சென்றான், ஓடு என்பது ஓடினான். த், ட், ற், இன் என்று இறந்தகாலம் காட்டும் இடைநிலைகளை நன்னூல் பட்டியல் போட்டுத் தருகிறது. அதை எழுதிய பவணந்தி முனிவர், பெருந்துறை அருகே சீனாபுரத்தில் பிறந்தவர் என்று சொல்லப்படுகிறது. நம் கொங்கு நாட்டுக்காரர்! இந்த வடிவங்களை நாம் யாரும் மனப்பாடம் செய்யவில்லை. கேட்டுக் கேட்டுத்தான் வந்தது. வென்ட், கேம், ராங் எல்லாமும் அப்படித்தான் வரும்.

வீட்டிலேயே ஒரு பயிற்சி செய்யலாம். இரவு சாப்பாட்டு நேரத்தில் ஆளுக்கு இரண்டு வாக்கியம். அன்று நடந்து முடிந்தது ஒன்று, அது நடக்கும்போது என்ன செய்துகொண்டிருந்தோம் என்பது இன்னொன்று. முதலில் தமிழில், அப்புறம் இங்கிலீஷில். 'கரன்ட் போனப்ப நான் கணக்குப் போட்டுட்டு இருந்தேன்.' 'ஐ வாஸ் டூயிங் மேத்ஸ் வென் த பவர் வென்ட் ஆஃப்.'

தப்பாகச் சொன்னால் சிரிக்கக் கூடாது என்பது மட்டும் வீட்டுச் சட்டமாக இருக்கட்டும்.