கார் சீட்ல இருக்கிறது லெதரா, ரெக்சினா? தேங்காய் எண்ணெய் தடவுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

திருப்பூரில் காரைத் துடைக்கத் துணி தேடி யாரும் கடைக்குப் போவதில்லை. கட்டிங் டேபிளில் மிச்சமாகும் பனியன் வேஸ்ட் போதும். அதில் நாலு சொட்டு தேங்காய் எண்ணெய் விட்டு சீட்டைத் தேய்த்தால் புதுசு மாதிரி பளபளக்கும் என்பது பலரின் நம்பிக்கை. பளபளக்கும், உண்மைதான். ஆனால் கொஞ்ச நாளில் அந்த எண்ணெயில் தூசி ஒட்டி பிசுபிசுக்கும், வெள்ளைச் சட்டையிலும் கறை ஏறும். சீட்டுக்கு ஏதாவது பலன் உண்டா? அது சீட் எதனால் ஆனது என்பதைப் பொறுத்தது.

ஷோரூமில் 'லெதரெட்' என்று சொன்னால் அது தோல் இல்லை. துணி மேல் பிவிசி அல்லது பியூ பூசியது. நம்ம ஊரில் எல்லாத்துக்கும் ஒரே பேர் ரெக்சின். அதுவே ஒரு பிரிட்டிஷ் பிராண்டின் பெயர்தான்! இதில் குறைச்சலா நினைக்க ஒன்றுமில்லை. பென்ஸின் 'ஆர்டிகோ', பிஎம்டபிள்யூவின் 'சென்சாடெக்' எல்லாமே செயற்கைதான்.

எப்படி கண்டுபிடிக்கிறது?

பின்பக்கம்தான் காட்டிக்கொடுக்கும். சீட்டுக்கு அடியில் ஓரம் மடிந்திருக்கும் இடத்தில் எட்டிப் பாருங்கள். துணி தெரிந்தால் செயற்கை. அது பெரும்பாலும் பின்னலாடைத் துணியாகவே இருக்கும். நிட்டிங் மெஷினைப் பார்த்துப் பழகிய திருப்பூர்க்காரர்களுக்கு ஒரு பார்வை போதும். உண்மையான தோல் என்றால் பின்பக்கம் மெல்லிய நார் நாராக, சொரசொரப்பாக இருக்கும்.

விரலால் அழுத்தினால் தோலில் பொடிப்பொடியாகச் சுருக்கம் ஓடும். ரெக்சினில் பெரும்பாலும் குழி மட்டும் விழும். வாசனையை நம்ப வேண்டாம், அதையும் செயற்கையாகச் சேர்க்க முடியும். லைட்டர் வைத்துப் பார்க்கும் வேலையே வேண்டாம், ஓட்டைதான் மிச்சம். இன்னொரு விஷயம், 'லெதர் சீட்' என்று விற்கும் பல கார்களில் உட்காரும் பகுதி மட்டும் தோல், பக்கவாட்டும் முதுகுப்புறமும் ரெக்சின். அதனால் இரண்டு இடத்தையும் பாருங்க.

தோல்தான் என்று உறுதியானால், மறைவான இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உருண்டு நின்றால் மேலே நிறப் பூச்சு உள்ள தோல். கார்களில் அதிகம் வருவது இதுதான். உறிஞ்சி நிறம் கருத்தால் பூச்சு இல்லாத அனிலின் தோல், ரொம்ப மென்மையானது, சீக்கிரம் கறை பிடிக்கும்.

எது எப்படி கெடுகிறது?

பிவிசியை மென்மையாக வைத்திருப்பது அதில் கலந்த பிளாஸ்டிசைசர். வெயிலில் நிற்கும் காரில் அது மெல்ல ஆவியாகும். முன் கண்ணாடியின் உள்பக்கம் மங்கலாகப் படிவதற்கு இதுவும் ஒரு காரணம். பிளாஸ்டிசைசர் போகப்போக சீட் விறைத்து வெடிக்கும். வெடித்த பிறகு எந்த க்ரீம் போட்டாலும் உள்ளே இறங்காது. வெயில் மறைப்புதான் இதற்கு ஒரே மருந்து. பியூவுக்கு எதிரி ஈரமும் வியர்வையும். வெங்காயத் தோல் மாதிரி உரியும். ஈரத் துணியால் துடைத்தால் உடனே காய்ந்த துணியால் ஒரு தடவை துடைத்துவிடுங்கள்.

பூச்சுள்ள தோலுக்கு க்ரீமை விட சுத்தம் முக்கியம். மடிப்பில் சேரும் மணல்தான் பூச்சை அரம் மாதிரி அறுக்கும். முதலில் வாக்கும் கிளீனர், அப்புறம் லெதர் கிளீனர். தோல் லேசான அமிலத்தன்மை உள்ளது என்பதால் சலவை சோப்பு, சோடா உப்பு ஆகாது.

திருப்பூருக்கென்றே ஒரு தொல்லை

அது சாயம். சாயப்பட்டறையிலிருந்து வந்த துணியை ஈரம் காயாமல் பீஜ் நிற சீட்டில் போட்டால் நிறம் சீட்டுக்கு மாறும். புது ஜீன்ஸும் இதையே செய்யும். அன்றைக்கே மைல்டு சோப்பு நீரில் துடைத்தால் பெரும்பாலும் போய்விடும். விட்டுவிட்டால் மேல்பூச்சுக்குள் இறங்கிவிடும், முக்கியமாக பிவிசியில். தின்னரோ நெயில் பாலிஷ் ரிமூவரோ தொட்டால் சாயத்தோடு பூச்சும் கழன்று வரும். துடைக்கும் பனியன் வேஸ்ட்டும் வெள்ளைக் காட்டனாக இருக்கட்டும். கலர் துண்டு ஈரம் பட்டால் தானே சாயம் விடும்.

எல்லாம் கெட்டுப்போச்சு, புது கவர் போடலாம் என்று முடிவெடுத்தால் சீட்டின் பக்கவாட்டில் 'ஏர்பேக்' என்ற சின்ன டேக் இருக்கிறதா என்று பாருங்க. இருந்தால், விபத்து நேரத்தில் அந்த இடம் கிழிந்துதான் பை வெளியே வரணும். கெட்டியான ரெக்சினால் முழுசாக மூடித் தைத்த கவர் அதைத் தடுத்துவிடும். அந்தப் பகுதி திறந்திருக்கும் கவரையோ, ஏர்பேக்குக்கென்றே தையல் விட்ட கவரையோ கேட்டு வாங்குங்கள்.